சின்ன எஞ்சினுக்கு டர்போ வேண்டுமா?



ஒரு புடவை எடுக்கப் போனால் நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! சாயம் போகுமா, துவைத்தால் சுருங்குமா, ஜரிகை கறுக்குமா என்று கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் பில் போடச் சொல்கிறோம். ஆனால் பத்து லட்ச ரூபாய் கொடுத்துக் கார் வாங்கும்போது மட்டும், "அதெல்லாம் அவர் பார்த்துப்பார்" என்று காப்பியைக் கலந்து கூடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறோம். கடைசியில் நம்மைக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "என்ன கலர் வேணும்?"

ஆவடியிலிருந்து ஒரு சகோதரி இந்த விஷயமாகத்தான் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"எங்களுக்கு இரண்டு குழந்தைகள். பெரியவளுக்கு 7 வயது, சின்னவனுக்கு 3. மாமனார் எங்களோடு இருக்கிறார். பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கப் போகிறோம். என் கணவர், 'வாங்கினா டர்போ பெட்ரோல்தான், இல்லேன்னா வேண்டாம்' என்கிறார். மாமனாரோ, 'ஒரு லிட்டர் எஞ்சின், மூணே சிலிண்டர். அதுல டர்போவையும் மாட்டி விரட்டினா எத்தனை நாளைக்குத் தாங்கும்?' என்கிறார். தினமும் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சு. வண்டியை அதிகம் ஓட்டப் போவது நான். என்னை யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரில் யார் சொல்வது சரி?"

இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே எஞ்சினைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர, அந்த வண்டி தினமும் எங்கே போகப்போகிறது, யார் யாரை ஏற்றிக்கொண்டு போகப்போகிறது என்று பேசவே இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை பேருக்குச் சமையல் என்று தெரியாமல் உலை வைப்பது மாதிரி.

முதலில் டர்போ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பயப்படாதீர்கள், நமக்குப் பழக்கமான சங்கதிதான்.

ஊதுகுழலும் கொடியடுப்பும்

விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு ஊதுகுழலைத் தெரியும். அடுப்பு அதேதான், விறகும் அதேதான். ஆனால் ஊதுகுழலால் ஊதினால் தீ குபுகுபுவென்று எழும்பும். எரிவதற்கு விறகு மட்டும் போதாது, காற்றும் வேண்டும் அல்லவா? காரின் எஞ்சினிலும் பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தானாக மூச்சு இழுத்துக்கொள்ளும். டர்போ எஞ்சினுக்கு ஊதுகுழல் வைத்து ஊதுகிறார்கள். காற்று அதிகம் போனால் அதற்கேற்றபடி பெட்ரோலையும் அதிகம் எரிக்கலாம். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின் வேலையைச் செய்யும்.

சரி, ஊதுவது யார்? இங்கே கொடியடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய அடுப்பில் எரிந்து மிஞ்சிய அனலிலேயே பக்கத்துக் கொடியடுப்பில் ரசத்தைக் கொதிக்க வைத்துவிடுவோம், தனி விறகு கிடையாது. டர்போவும் அதே சிக்கனம்தான். எஞ்சினில் எரிந்து முடிந்த சூடான புகை சைலன்ஸர் வழியாக வீணாகத்தானே போகிறது? அது போகும் வழியில் ஒரு சின்னக் காற்றாடியை வைத்துவிடுகிறார்கள். புகை அதைச் சுற்றும். அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடி, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும்.

இது ஒன்றும் நேற்று வந்த புதுமை அல்ல. ஸ்விட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்ஃபிரெட் பூச்சி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல், ஷெவர்லே கம்பெனிகள் பெட்ரோல் கார்களில் இதைப் பொருத்தி விற்றன.

இரண்டு விவரங்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றாடி நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும். அதைச் சுற்றும் புகையின் சூடு சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். இத்தனை வேகத்தையும் சூட்டையும் தாங்கி அந்த அச்சைக் காப்பாற்றுவது எஞ்சின் ஆயில். டர்போ வண்டியின் ஆயுள் பாதி இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது.

நம் ஊரில் ஏன் இத்தனை டர்போ?

இதற்குக் காரணம் வரி. 4 மீட்டருக்குள் நீளம், 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் எஞ்சின் இருந்தால் அது சின்னக் கார், அதற்கு வரி குறைவு என்ற ஏற்பாடு 2006-ல் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அப்படிப்பட்ட கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அளவு மீறினால் 40 சதவீதம். ஆகவே எஞ்சினைப் பெரிதாக்காமல் சக்தியை மட்டும் கூட்ட வேண்டும் என்று கம்பெனிகள் நினைத்தபோது டர்போ கைகொடுத்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததும், மாருதி உள்படச் சில கம்பெனிகள் டீசல் கார்களை நிறுத்திவிட்டன. டீசலின் இழுவை பிடித்துப்போனவர்களுக்கு டர்போ பெட்ரோலைக் காட்டினார்கள்.

இவற்றில் பல நம் சென்னைக்குப் பக்கத்திலேயே பிறந்தவை. 2013-ல் வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டின் 1 லிட்டர் டர்போ கார் மறைமலைநகரில் தயாரானது. 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூ இருங்காட்டுக்கோட்டைத் தயாரிப்பு. 2020 கடைசியில் வந்த நிஸான் மேக்னைட் ஒரகடத்தில் தயாரானது.

இதில் மேக்னைட் நமக்கு நல்ல பாடம். அதில் இரண்டு எஞ்சின் வந்தது, இரண்டும் 999 சி.சி.தான். டர்போ இல்லாததற்கு 72 குதிரைத் திறன், இழுவிசை 96 நியூட்டன் மீட்டர். டர்போ உள்ளதற்கு 100 குதிரைத் திறன், இழுவிசை 160. அடுப்பு ஒன்றுதான், ஊதுகுழல் செய்த மாயத்தைப் பாருங்கள்!

மாருதி ஃப்ரான்க்ஸ் 2023-ல் வந்தபோது, டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சினுக்கு 90 குதிரைத் திறன், இழுவிசை 113. டர்போ உள்ள 1 லிட்டருக்கு 100 குதிரைத் திறன், இழுவிசை சுமார் 148. திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சாதாரண எஞ்சின் தன் முழு இழுவையையும் காட்ட நிமிடத்துக்கு 4,400 சுற்று போக வேண்டும், டர்போவோ 2,000 சுற்றிலேயே காட்டிவிடுகிறது. அதாவது, எஞ்சின் கதறாமல் வண்டி இழுக்கிறது. டர்போ வண்டியை ஓட்டியவர்கள் "சும்மா அள்ளிக்கிட்டுப் போகுது" என்று சொல்வதன் அர்த்தம் இதுதான்.

மைலேஜ்? கியர் வண்டிக்கு அரசாங்கச் சோதனையில் 1.2 லிட்டருக்கு 21.79 கிலோமீட்டர், டர்போவுக்கு 21.5. "பார்த்தீங்களா மேடம், வித்தியாசமே இல்லை" என்பார் ஷோரூம் பையன். சோதனைக்கூடத்தில் அதுதான் நிஜம். அங்கே ஸ்கூல் வாசல் நெரிசல் இல்லை, வேகத்தடை இல்லை, "நேரமாச்சும்மா" என்று பின்னாலிருந்து யாரும் கத்துவதில்லை. ஊத ஊத விறகும் அதிகம் எரியும் அல்லவா? நின்று நின்று கிளம்பும் ஊர்ச் சவாரியில் ஒவ்வொரு முறையும் டர்போவை எழுப்பினால் பெட்ரோல் கணக்கு மாறிவிடும். நிதானமாக, ஒரே சீராக நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத்தான் காகிதத்தில் உள்ள மைலேஜின் பக்கத்திலாவது வரும்.

ஒரு நோட்டும் பென்சிலும்

ஆவடிச் சகோதரிக்கு நான் உடனே பதில் எழுதவில்லை. "14 நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர், யார் ஓட்டியது. அதை எனக்கு அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதினேன். சமர்த்துப் பெண், அழகாகக் கோடு போட்டு எழுதி அனுப்பியிருந்தார்.

14 நாளில் 40 சவாரி. அதில் 35 சவாரி 5 கிலோமீட்டருக்குள்: ஸ்கூல், மார்க்கெட், டாக்டர், கோயில், பாட்டு கிளாஸ். 4 சவாரி சுமார் 15 கிலோமீட்டர். ஒரு நாள் குடும்பத்தோடு காஞ்சிபுரம் போய் வந்தது 130 கிலோமீட்டர். மொத்தம் 290 கிலோமீட்டர். மலை ஏறியது இல்லை. 40 சவாரியில் 35-ஐ ஓட்டியவர் இந்தச் சகோதரி. கணவர் ஓட்டியது காஞ்சிபுரமும் இன்னும் 3 சவாரியும். அவர் ஊரில் இல்லாத அன்று தம்பி ஒரு முறை ஓட்டியிருக்கிறார்.

இதைப் படித்ததும் எனக்கு விடை கிடைத்துவிட்டது. காஞ்சிபுரம் சாலையில் ஒரு நாள் கிடைக்கும் சந்தோஷத்துக்காக, மீதி 13 நாளும் ஸ்கூல் வாசலில் டர்போவைச் சுமந்துகொண்டு நிற்கப் போகிறது அந்த வண்டி. 3 கிலோமீட்டர் ஓடி நிறுத்திவிடும் சவாரி எந்த எஞ்சினுக்குமே நல்லதல்ல. எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவதால், எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். நல்ல ஆயிலை நம்பியே வாழும் டர்போ எஞ்சினுக்கு இது இன்னும் ஆகாது.

பணக் கணக்கையும் பார்ப்போம். ஒரே மாடலில் டர்போவுக்கும் சாதாரணத்துக்கும் 1 லட்சம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் கொட்டேஷனில் எவ்வளவோ அதைப் போட்டுக்கொள்ளலாம்). அந்த 1 லட்சத்தையும் 9 சதவீத வட்டியில் 5 வருஷக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 2,076 ரூபாய். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டம். ஊருக்குள் சாதாரண வண்டி லிட்டருக்கு 15-ம் டர்போ 12-ம் கொடுத்தால், ஒன்றுக்கு 40 லிட்டர், மற்றதற்கு 50. லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 1,000 ரூபாய் கூடுதல். ஆக, மாதம் 3,000 ரூபாய்க்கு மேல். ஒரு குழந்தையின் பாட்டு கிளாஸ், நீச்சல் கிளாஸ் இரண்டுக்கும் பல ஊர்களில் இது போதும்.

குன்னூரில் கணக்கு வேறு

அப்படியானால் டர்போவே வேண்டாமா என்று கேட்காதீர்கள். என் அண்ணன் மகள் குன்னூரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு எஸ்டேட் வேலை. வாரா வாரம் குழந்தைகள், மாமியார், மூட்டை முடிச்சோடு மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கி மறுநாள் ஏறுகிறார்கள். சென்ற வருஷம் வண்டி மாற்றும்போது என்னிடம் போனில் சொன்னாள்:

"அத்தை, பழைய வண்டியில நாலு பேரோட ஏறினா ஏ.சி.யை அணைச்சாத்தான் நகருது. ரெண்டாவது கியர்லயே கத்திக்கிட்டு வரணும். பின்னால பஸ்காரர் ஹாரனை அடிச்சுக்கிட்டே வர்றார். எங்க மாமியார் கண்ணை மூடிக்கிட்டு 'முருகா முருகா'ங்கறாங்க."

"நீ டர்போவே வாங்கு, கண்ணு. உனக்கு அது ஆடம்பரம் இல்லே" என்றேன்.

ஏன் தெரியுமா? மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். குன்னூர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரை ஊரைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. தானாக மூச்சு இழுக்கும் எஞ்சினுக்கு அந்த அளவுக்குச் சக்தி குறையும், நமக்கு மலையேறினால் மூச்சு வாங்குவது போல. டர்போ காற்றை அழுத்திக் கொடுப்பதால் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். வால்பாறைப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்து மறுபடி ஏற வேண்டும். அங்கே குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவை பெரிய வரப்பிரசாதம்.

ஆனால் ஒன்று, இறங்கும்போது டர்போ உதவிக்கு வராது. சின்ன எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய டிரைவர்களின் விதியை மறக்கக் கூடாது. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

இருவழிச் சாலையில் அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும் டர்போவில் ஒரு நிஜமான லாபம் உண்டு. லாரியைத் தாண்டும்போது எதிர்ப்பக்கத்தில் நாம் இருக்கும் நேரம் குறையும். ஆனால், "சக்தி இருக்கிறது, தாண்டிவிடலாம்" என்று வளைவில் எட்டிப் பார்க்கச் சொல்வதும் அதே டர்போதான். வீட்டில் யார் கால் கனம் என்பது உங்களுக்கே தெரியும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டர்போவோடு ஒட்டிக்கொண்டு வருவது

இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. சில மாடல்களில் நல்ல ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமானால் டர்போவைத்தான் எடுக்க வேண்டும். ஃப்ரான்க்ஸிலும் மேக்னைட்டிலும் சாதாரண எஞ்சினுக்குக் கொடுப்பது ஏ.எம்.டி., அதாவது கியரை இயந்திரமே மாற்றும் எளிய ஏற்பாடு. விலை குறைவு, மைலேஜ் நன்றாக வரும், ஆனால் கியர் மாறும்போது தலை ஒரு முறை ஆடும். வழுக்கிக்கொண்டு போகும் ஆட்டோமேட்டிக்கை டர்போவோடு சேர்த்துத் தருகிறார்கள். "எனக்கு டர்போ வேண்டாம், முழங்கால் வலிக்கு நல்ல ஆட்டோமேட்டிக் போதும்" என்கிறவர்கள் வேறு கம்பெனியையும் பார்க்க வேண்டும். ஹோண்டா அமேஸில் டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சினுக்கே சி.வி.டி. ஆட்டோமேட்டிக் வருகிறது. சில டர்போ வண்டிகளில் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வரும். ஓடும்போது அருமையாக இருக்கும், ஆனால் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் கிளட்ச் சூடாகும். தினமும் நெரிசலில் நிற்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தாங்குமா, தாங்காதா?

மாமனாரின் கேள்விக்கு வருகிறேன். மூன்று சிலிண்டர் என்பதாலேயே ஆயுள் குறைந்துவிடாது. டர்போவுக்கென்றே இந்த எஞ்சின்களின் உள்பாகங்களை வலுவாகச் செய்கிறார்கள். நின்ற இடத்தில் கொஞ்சம் அதிர்வு தெரியும், அவ்வளவுதான். நான் சொன்ன ஃபோர்டு 1 லிட்டர் எஞ்சின் 2012, 2013, 2014 மூன்று வருஷமும் உலகின் சிறந்த எஞ்சின் என்று பரிசு வாங்கியது. அதே எஞ்சினில் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே சுற்றும், ஆகவே தப்பான ஆயிலும் தாமதமான ஆயிலும் அதற்கு ஆகவே ஆகாது. பரிசு வாங்கின எஞ்சினானாலும் பராமரிப்பு நம் கையில்தான்.

எங்கள் தெரு மெக்கானிக் ஒரே வரியில் சொன்னார்: "அம்மா, டர்போ தானா கெட்டு வர்ற வண்டி கம்மி. ஆயில் கெட்டு, அது டர்போவைக் கெடுத்துட்டு வர்ற வண்டிதான் ஜாஸ்தி."

டர்போ வாங்குகிறவர்கள் சமையலறை காலண்டர் பக்கத்தில் இதை எழுதி ஒட்டிக்கொள்ளலாம்:

1. கையேட்டில் போட்டிருக்கும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். கிலோமீட்டர் ஆகவில்லை என்று வருஷத்தைத் தாண்டவிடாதீர்கள். குட்டிச் சவாரி அதிகமானால் தேதிக்கு முன்பே மாற்றுவது நல்லது.

2. காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறுமவிடக் கூடாது. முதல் சில நிமிஷம் மெதுவாக ஓட்டுங்கள், ஆயில் டர்போ வரை போய்ச் சேரட்டும்.

3. மலை ஏறி வந்தாலோ நெடுஞ்சாலையில் விரட்டி வந்தாலோ, ஒரு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அணைக்கவும். அந்த ஒரு நிமிஷமும் நீங்கள் வண்டியிலேயே இருங்கள். ஓடும் வண்டியில் குழந்தையை மட்டும் விட்டு இறங்காதீர்கள்.

4. நாலாவது, ஐந்தாவது கியரில் வண்டி திணறும்போது ஆக்ஸிலரேட்டரை அமுக்காதீர்கள், கியரைக் குறையுங்கள். குறைந்த சுற்றில் அழுத்தினால் பெட்ரோல் நேரம் தவறி எரிந்து பிஸ்டனையே தாக்கும். 2020-ல் வந்த 'ஏ.பி.ஐ. எஸ்.பி.' தர ஆயில் இந்தத் தொல்லையையும் மனத்தில் வைத்துச் செய்ததுதான்.

5. கூலன்ட் அளவையும் ஏர் ஃபில்டரையும் மாதம் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

6. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் எந்த எஞ்சினிலும் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். 2023-க்கு முந்தைய பழைய டர்போ வண்டியை வாங்குவதாக இருந்தால், அது இந்தப் பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கேளுங்கள். ஆயில் மாற்றிய பில்கள் வரிசையாக இல்லாத பழைய டர்போ வண்டி, எத்தனை மலிவானாலும் வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும் அன்று

டெஸ்ட் டிரைவுக்கு "அவர்" மட்டும் போய்க் காலி ரோட்டில் விரட்டிவிட்டு வருவது போதாது. நீங்கள் ஓட்டுங்கள். குழந்தைகளையும் பெரியவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏ.சி.யைப் போடுங்கள். வேகத்தடையில் இறங்கி இரண்டாவது கியரில் கிளம்பிப் பாருங்கள். டர்போ விழிக்கும்வரை சில வண்டிகள் சோம்பலாக நின்று, பிறகு திடீரென்று பாயும். ஸ்கூல் வாசலில் அந்தப் பாய்ச்சல் உங்களுக்கு இசைவாக இருக்குமா என்று பாருங்கள். மேம்பாலத்தில் பாதியில் நிறுத்திக் கிளம்பிப் பாருங்கள்.

குழந்தையின் வயிறும் இதில் சம்பந்தப்பட்டது. கண் பார்ப்பதும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்வதும் ஒத்துப்போகாததால்தான் பயணத்தில் வாந்தி வருகிறது. வண்டி பாய்ந்து பாய்ந்து நின்றால் அது கூடும். எந்த எஞ்சினானாலும் சீராக ஓட்டினால் பாதி வாந்தி நின்றுவிடும்.

ஆவடிச் சகோதரிக்கு

உங்கள் கணவர் மலைப்பாதை ஊரில் இருந்தால் அவர் கட்சிதான் நானும். உங்கள் நோட்டின்படி உங்களுக்குச் சாதாரண 1.2 லிட்டர் எஞ்சின் தாராளமாகப் போதும். காஞ்சிபுரத்துக்கு 10 நிமிஷம் தாமதமாகப் போனால் வரதராஜர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மிச்சமாகும் 1 லட்சத்தைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அதில் ஒரு பகுதியை வண்டியிலேயே போடுங்கள், ஆனால் எஞ்சினில் அல்ல. 6 ஏர்பேக், வழுக்காமல் காக்கும் ஈ.எஸ்.சி., குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எல்லாம் இருக்கும் வண்டியாகப் பாருங்கள். 2023-ல் ஆரம்பித்த பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் அந்த மாடலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேளுங்கள். சின்னவனுக்கு நல்ல குழந்தை சீட், பெரியவளுக்கு உயரம் கூட்டும் பூஸ்டர் சீட் இரண்டையும் வண்டி வரும் அன்றே வாங்கிவிடுங்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் போகக் கூடாது என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது, மீறினால் 1,000 ரூபாய் அபராதம். முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. ஏர்பேக் விரியும் வேகத்தில் மடியில் இருக்கும் குழந்தைக்குத்தான் முதல் அடி. பின் சீட்டில், அவனுக்கென்று உள்ள சீட்டில், பெல்ட்டோடு உட்காரட்டும்.

இதை எப்படி வீட்டில் சொல்வது என்கிறீர்களா? சண்டை வேண்டாம். இரவு சாப்பாடு முடிந்ததும் அந்த நோட்டைக் கணவர் முன்னாலும் மாமனார் முன்னாலும் விரித்து வையுங்கள். "40 சவாரியில 35 நான் ஓட்டியிருக்கேன். இதைப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். எழுதி வைத்த கணக்குக்கு எதிராக ஆண்பிள்ளைகளால் அதிகம் பேச முடியாது.

மற்ற சகோதரிகளும் வண்டி வாங்குவதற்கு முன்னால் 14 நாள் நோட்டுப் போடுங்கள். பெரும்பாலும் 5 கிலோமீட்டர் சவாரி என்றால் சாதாரண எஞ்சின். வாராவாரம் மலையோ, ஆள் நிறைய நெடுஞ்சாலையோ என்றால் டர்போ. இரண்டும் பாதிப் பாதி என்றால், ஆயிலைத் தேதி தவறாமல் மாற்றும் வீடா உங்கள் வீடு என்று யோசித்து முடிவு செய்யுங்கள். உங்கள் நோட்டில் என்ன வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.